காவலரின் குறிப்பேடு

காவல்துறையினரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே உங்களுள் பலர் கேட்கும் முதற்கேள்வி துப்பாக்கியைப் பற்றியதாகவே இருக்கிறது. அதில் வியப்பில்லை. கருநீலச் சீருடையும் இடைவாரில் தொங்கும் துப்பாக்கியுமே முதலில் நம் கண்ணிற் படுகின்றன. ஆயினும், பணியில் சேர்ந்த நாள்முதல் ஓய்வு பெறும் நாள்வரை ஒருமுறையேனும் மனிதரை நோக்கிச் சுடாத காவலர் மிகப் பலர். நாள்தோறும் அவர்கள் கையாளும் கருவிகள் வேறு.

இடைவாரில் கைவிலங்கு உண்டு, குறுந்தடி உண்டு, இரவுப் பணியாயின் கைவிளக்கும் உண்டு. இவற்றை நீங்களே கண்டிருப்பீர்கள். தொலைவில் நிற்கும் தோழரை அழைக்க முற்காலத்தில் ஊதல்தான் துணை. 1880களில் பர்மிங்காம் நகரத்து ஜோசப் ஹட்சன் என்பார் செய்தளித்த ஊதலை ஏற்கும்வரை, இலண்டன் காவலர் மரக் கிலுகிலுப்பையைச் சுழற்றியே ஒலி எழுப்பினராம்! குழந்தையின் விளையாட்டுப் பொருளைப் போன்ற ஒன்றை ஆட்டிக்கொண்டு திருடனைத் துரத்திய காட்சியை எண்ணிப் பாருங்கள்.

இன்று அவ்வேலையை வாக்கி-டாக்கி செய்கிறது. நம் நாட்டில் காவல்துறை, தீயணைப்பு, மருத்துவ ஊர்தி ஆகிய அனைத்திற்கும் 999 என்னும் எண் ஒன்றே. அவ்வெண்ணில் நாம் கூறும் செய்தி, வானொலி அலை வழியாகச் சுற்றுக்காவல் வண்டியில் இருப்பவரைச் சென்றடைகிறது. ஆனால், "சீக்கிரம் வாருங்கள்" என்று மட்டும் கூறித் தொலைபேசியை வைத்துவிட்டால் வண்டி எங்கே செல்லும்? சாலையின் பெயர், தோட்டத்தின் பெயர், அருகிலுள்ள கோயில் அல்லது கடை, இவற்றையே முதலில் கூறவேண்டும்.

இனி, சட்டைப் பைக்கு வருவோம். அங்கே ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். மலாய்மொழியில் அதனை 'பூக்கு சாக்கு' என்பர். சட்டைப்பைப் புத்தகம் என்பது பொருள். எந்நேரத்தில் எங்கிருந்தார், யாரைக் கண்டார், என்ன நடந்தது என்பனவற்றைக் காவலர் அதில் எழுதுகிறார். அதன் தாளைக் கிழித்தல் ஆகாது. பிழை நேர்ந்தால் அழித்துவிடாமல், பழைய சொல் தெரியும்படி ஒரு கோடிட்டு, அருகில் சுருக்கொப்பம் இடுதல் முறை. உங்கள் கணக்கேட்டில் நீங்கள் செய்வதற்கு இது நேர்மாறு!

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? சென்ற தவணையில் ஆறாம் ஆண்டு வகுப்பில் ஒரு சோதனை செய்தோம். பாடவேளையின் நடுவே பள்ளித் தோட்டக்காரர் உள்ளே வந்து, சுண்ணக்கட்டிப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியேறினார். கண்டதை எழுதுமாறு உடனே பணித்தோம். பெரும்பாலோர் சரியாகவே எழுதினர். ஒரு வாரம் கழித்து, பழைய தாளைக் காட்டாமல், மீண்டும் எழுதச் சொன்னோம். அவர் கையிலிருந்த குடை சிலர் தாளில் பையாக மாறியிருந்தது. நீலச் சட்டை பச்சையாயிற்று. பொய் சொல்ல வேண்டுமென்று எவரும் நினைக்கவில்லை. நினைவுதான் அவர்களை ஏமாற்றியது. நீதிமன்ற விசாரணையோ பல மாதங்கள் கழித்து வரும். ஒருவர் சிறை செல்வதும் விடுதலை பெறுவதும் அத்தகைய ஒரு நிறத்தில் அடங்கியிருக்கலாம். அதனாற்றான், நிகழ்ச்சி நடந்தபோதோ அதனையடுத்தோ எழுதிய குறிப்பைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக்கு 1950ஆம் ஆண்டின் சான்றுச் சட்டம் இடமளிக்கிறது. அண்மையில் நம் நாட்டுக் காவலர் உடலில் ஒளிப்பதிவுக் கருவி அணியத் தொடங்கியிருப்பதும் இக்காரணம் பற்றியே. எனினும், கருவியின் முன் நிகழாததைக் கருவி காணாது. குறிப்பேட்டின் தேவை தீர்ந்துவிடவில்லை.

காவல் நிலையத்தில் எழுதப்படும் புகாரும் அத்தகையதே. நாம் வாய்மொழியாகக் கூறுவதை எழுத்தில் பதிந்து, நமக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது சட்டம். விசாரணையில் வாக்குமூலம் பெறும்போது, எம்மொழியில் கூறினோமோ அம்மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்பளித்து, அதன் பின்னரே கையொப்பம் பெறவேண்டும். எழுதத் தெரியாதவர் பெருவிரல் ரேகை வைக்கலாம். (ரேகையைக் கொண்டு ஆளை அடையாளங்காணும் முறைக்கு உலகிலேயே முதல் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் அமைந்தது என்பதையும் இங்கே அறிந்துகொள்ளுங்கள்.)

நாமறிந்த பாட்டி ஒருவர், பால்மரம் வெட்டிப் பிழைத்தவர், சங்கிலியைப் பறிகொடுத்துப் புகார் செய்யச் சென்றார். "ஏழு மணிக்கு" என்று கூறினார். அவருக்கு ஏழு மணி என்றால் காலைதான். வேறு ஏழு மணி இருப்பதாகவே அவர் எண்ணவில்லை. தாளில் மாலை ஏழு என்று பதிவாகிவிட்டது. உடன் சென்ற பேத்தி நான்காம் ஆண்டு மாணவி. தாளிலிருந்த மலாய் வாக்கியங்களை அவள் ஒவ்வொன்றாகத் தமிழில் கூறி வந்தபோது, "மாலையா? வெயிலே ஏறவில்லையே!" என்றார் பாட்டி. காவலர் முகஞ்சுளிக்காமல் திருத்தி எழுதினார். அடுத்த நாள், எதிர்க்கடையின் கண்காணிப்புக் கருவியில் காலை ஏழு மணிப் பதிவைத்தான் அவர்கள் தேடிப் பார்த்தார்கள். மோட்டார் சைக்கிளின் எண் அதில் தெளிவாகத் தெரிந்தது.