கண்ணீர் வராத அக்கா

தாராவியில் எங்கள் சந்தில் ஓர் அக்கா இருக்கிறார். விடியற்காலையில் இட்லி அவித்து விற்கக் கொடுப்பார். இரவில் எழுத்து வகுப்புக்கு வருவார். திடீரென்று வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"புத்தகத்தைத் திறந்தா கண்ணு உறுத்துது தம்பி. மண்ணு விழுந்த மாதிரி இருக்கு. வாய் காய்ஞ்சு போகுது. தண்ணி இல்லாம சோறு இறங்கல. நாலு பல்லு சொத்தை. போன மாசம் எங்கம்மா தவறிப் போனாங்க. அழுதேன். கண்ணீரே வரல. எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க" என்றார்.

"அடுப்புச் சூடு" என்றார் மாமியார். தொற்று நோயோ என்று பயந்து அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு காகிதத் துண்டை அக்காவின் கீழ் இமையில் மாட்டினார். ஐந்து நிமிடம் கழித்து எடுத்தார். 3 மில்லிமீட்டர்தான் நனைந்திருந்தது. கண்ணீர் மிகக் குறைவு. ரத்தமும் சோதித்தார்கள்.

"இது ஷோக்ரன் நோய்" என்றார் டாக்டர்.

நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. கிருமியை விரட்டும் காவல்காரன் அது. இந்த நோயில் காவல்காரன் வீட்டுக்காரரையே அடிக்கிறான். கண்ணீரும் எச்சிலும் சுரக்கும் இடங்கள் கெடுகின்றன. எச்சில் பல்லைக் காக்கிறது. அது குறைந்தால் பல் சொத்தையாகும். மூட்டு வலியும் அசதியும் வரலாம்.

ஷோக்ரன் என்பவர் சுவீடன் நாட்டுக் கண் டாக்டர். 1933இல் 19 பெண்களுக்கு இருந்த இந்த நோயைப் பற்றி எழுதினார். நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் தமக்கு இந்நோய் இருப்பதை 2011இல் சொன்னார். 2012இல் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார்.

இது தொற்று நோய் அல்ல. தனி டம்ளர் வேண்டாம். அடியோடு நீக்க மருந்து இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்கலாம்.

• டாக்டர் தரும் சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள். கடையில் கேட்டு வாங்காதீர்கள்.
• அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.
• இனிப்பைக் குறையுங்கள். புகையிலை, மிஸ்ரி வேண்டாம்.
• பல் டாக்டரிடம் காட்டுங்கள்.
• காதோரம், கழுத்தில் வீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

சர்க்கரை நோயாலும் சில மாத்திரைகளாலும்கூட வாய் வறளும். எனவே நாமே முடிவு செய்யக் கூடாது. கண்ணும் வாயும் மூன்று மாதம் வறண்டிருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். தாராவிக்குப் பக்கத்தில் மாநகராட்சியின் சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது.

அக்கா இப்போது மீண்டும் வகுப்புக்கு வருகிறார். மருந்து போடும் நேரத்தைத் தம் கையாலேயே நோட்டில் எழுதி வைக்கிறார். தனி டம்ளரை மாமியாரே எடுத்துவிட்டார்.

பேசுவோம்:
1. அக்காவுக்கு ஏன் கண்ணீர் வரவில்லை?
2. தனி டம்ளர் வைத்தது சரியா?
3. உங்கள் தெருவில் யாருக்காவது இப்படி இருந்தால் என்ன சொல்வீர்கள்?

எழுதுவோம்: கண்ணீர், எச்சில், சொட்டு மருந்து