காளான் தூளும் குடல் புண்ணும்

கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், வயிற்றுக்கு எது வந்தாலும் காஸ்ட்ரைட்டிஸ்தான். நெஞ்செரிவும் அது, கிழமைக்கணக்கில் இரத்தத்தோடு போகும் வயிற்றோட்டமும் அது. காளான் தூள் விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் பெரிய வசதி.

“குடல் அழற்சியைக் காளான் மாற்றிவிடும்.”

எந்த அழற்சி? காஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையில் வருவது. இரத்தம் போனால் பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸாக இருக்கலாம். கொழும்பு, கம்பஹா மாவட்ட மருத்துவமனைகளில் எடுத்து 2010இல் வெளியான கணக்கில் அது லட்சம் பேருக்கு 5.3, அதே வகையைச் சேர்ந்த குடல் அழற்சியான கிரோன்ஸ் நோய் 1.2. அரிதுதான், ஆனால் குளிசையை நிறுத்தினால் திரும்பத் தலைதூக்கக்கூடியது.

நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல முடியாது. காளானின் கலச்சுவரிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற பல்சக்கரைட்டு நமக்குச் செரிக்காது. பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்குள்ள பக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து, குடற்கலங்களுக்கு உணவாகும் பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களைத் தருகின்றன. ஆனால் ஆய்வுகளில் பெரும்பாலானவை, இரசாயனம் கொடுத்துக் குடல் புண்ணாக்கிய எலிகளில் நடந்தவை. மனிதரில் நடந்தவை கொஞ்சம். 2016இல் வெளியான நோர்வே ஆய்வொன்றில் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் உள்ள 50 பேர் பங்கெடுத்தார்கள். அகாரிகஸ் காளான் சாறு குடித்தவர்களுக்கு அறிகுறிகளும் சோர்வும் ஓரளவு குறைந்தன. ஓரளவு, அவ்வளவுதான். அந்தச் சாறும் நம் சந்தைச் சிப்பிக் காளானும் ஒன்றல்ல.

“சமைத்தால் சத்துப் போய்விடும், பிரித்தெடுத்த சாறுதான் நல்லது.”

ஆய்வுகூடத்தில் பிரித்தெடுப்பதே வெந்நீரில்தான். உலர்ந்த காளான் தூளைக் கொதிநிலைக்கு அண்மையில் மணிக்கணக்காக வைத்து, வடித்து, வற்றவைத்து, மூன்று நான்கு மடங்கு எத்தனோல் ஊற்றுவார்கள். பல்சக்கரைட்டு அடியில் படியும். பிறகு புரதத்தை நீக்கி உலர்த்துவார்கள். றப்பர் மரத்தூள் பையில் வளர்ந்த காளானைச் சொதி வைக்கும்போது இதன் முதற்பாதி அடுப்பிலேயே நடக்கிறது. கரையாத பங்கு சதையில் தங்கிவிடும், ஆகவே சொதியை மட்டும் குடித்துக் காளானை ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

“லேபிளில் பல்சக்கரைட்டு கூடவென்றால் தரமும் கூட.”

மாப்பொருளும் பல்சக்கரைட்டுத்தான். தானியத்தில் வளர்த்த காளான் இழையைத் தானியத்தோடு சேர்த்து அரைத்தாலும் எண் உயரும். பீட்டா குளுக்கன் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள்.

“சாப்பாடுதானே, யாருக்கும் கெடுதல் இல்லை.”

பொத்தான் காளானில் மனிற்றோல் என்ற சீனி வகை அதிகம். சிலருக்கு வயிறு ஊதும். சிப்பிக் காளானில் அந்தத் தொல்லை குறைவு. கிரோன்ஸ் நோயால் குடல் ஒடுங்கியவர்களுக்கோ சரியாக மெல்லாத காளான் துண்டு குடலை அடைத்துவிடவும் கூடும். அவர்கள் சமைக்கும் முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.