இணையத்திலும் குழுவாக நிற்போம்



நம்மில் சிலர் ஊறுகாய், மசாலாப் பொடி, ஓலைக் கூடை விற்க சொந்தமாக இணையதளம் தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் உதவியோடு படம் போட்டு விலையும் எழுதிவிட்டோம். ஆனால் "யாருமே வந்து பாக்க மாட்டேங்குறாங்க அக்கா" என்ற குறைதான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்கிறது. சரக்கில் குறையில்லை. ஊருக்கு வெளியே ஒத்தையாகக் கடை போட்டால் யார் வருவார்கள்? பத்துக் கடை சேர்ந்தால்தானே சந்தை!

முன்பு நடந்தது

1995-ஆம் ஆண்டு, கூகுள் நிறுவனம் தொடங்காத காலம். சிறிய இணையதளங்களைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம். அமெரிக்காவில் சேஜ் வைல் என்ற இளைஞர் 'வெப்ரிங்' என்ற ஏற்பாட்டை உருவாக்கினார். ரிங் என்றால் வளையம். ஒரே விஷயத்தைச் சொல்லும் தளங்கள் வட்டமாகச் சேர்ந்தன. ஒவ்வொரு தளத்திலும் 'அடுத்தது', 'முந்தையது' என்ற இணைப்புகள் இருக்கும். 'அடுத்தது' என்பதை அழுத்திக்கொண்டே போனால் எல்லாத் தளத்தையும் பார்த்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வரலாம். ஒரு வீட்டுக்கு வந்த விருந்தாளி தெரு முழுக்கப் போய் வந்த மாதிரி! வளையத்துக்கு ஒரு பொறுப்பாளரும் உண்டு.

இந்த ஏற்பாடு கைமாறி 1999-இல் யாகூ நிறுவனத்திடம் போனது. 2000-இல் யாகூ அமைப்பை மாற்ற, பொறுப்பாளர்கள் பலர் விலகினார்கள். அதே 1999-இல் யாகூ வாங்கிய நிறுவனம் ஜியோசிட்டீஸ். தளம் வைக்க இலவசமாக இடம் தந்து வந்தது. 2009 அக்டோபரில் அமெரிக்காவில் அதை மூடிவிட்டார்கள். தன்னார்வலர்கள் கூடி ஒரு பகுதியைப் பிரதி எடுத்துக் காப்பாற்றினார்கள். அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டினால் இதுதான் கதி.

நமக்கான பாடம்

1. ஒவ்வொரு தளத்திலும் மற்ற சகோதரிகளின் தளத்துக்கு இணைப்புக் கொடுப்போம். ஊறுகாய் வாங்க வந்தவர் கூடையும் பார்த்துப் போகட்டும்.

2. தளத்தின் பெயரை நம் பெயரில் பதிவு செய்வோம். எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவில், தளம் செய்து கொடுத்த தம்பி தன் பெயரிலேயே பதிந்துவிட்டார். அவர் வெளியூர் போன பிறகு ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லை. பெயர் கைவிட்டுப் போனது. பழைய வாடிக்கையாளர்கள் தேடி வர வழியில்லாமல் போயிற்று.

3. கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. வங்கிக் கணக்கில் கூட்டுக் கையெழுத்து வைப்பதுபோல, ஊக்குநரும் பிரதிநிதிகளும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

4. படங்கள், வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு பிரதி எடுத்து வைப்போம்.

5. படம் எடுப்பது, பார்சல் அனுப்புவது போன்ற செலவுகளைப் பங்கிட்டுக்கொள்வோம். பெரிய ஆர்டர் வந்தால் திருப்பி அனுப்பாமல் பிரித்துக்கொள்வோம்.

6. தரத்துக்கு எல்லோரும் பொறுப்பு. ஒருத்தி பூசணம் பிடித்த ஊறுகாயை அனுப்பினால் பழி அத்தனை பேருக்கும் வரும்.

இவற்றைப் பேசியதோடு விடாமல் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கூட்டத்தில் பேச: உங்கள் தளம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? கட்டணம் கட்ட வேண்டிய தேதி எது? அடுத்த கூட்டத்துக்குள் விசாரித்து வாருங்கள்.

பத்து ரூபாய் சேமிப்பில் தொடங்கி வங்கிப் படியேறியவர்கள் நாம். இதிலும் சேர்ந்தே ஏறுவோம்.