திரைக்கும் தாளுக்கும் ஒரே செய்முறைக் கையேடு

அறிவியல் செய்முறைக் கையேட்டைச் சில மாணவர்கள் கைப்பேசியில் படிக்கின்றனர். மற்றவர்களுக்கு நகலெடுத்துத் தருகிறேன். ஒரே கோப்பு இரண்டுக்கும் பயன்பட நான் பின்பற்றும் முறைகள்:

1. ஒருங்குறி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறேன். பழைய எழுத்துருவும் தாளில் சரியாகவே தெரியும். ஆனால் திரையில் ‘அமிலம்’ எனத் தேடினால் கிடைக்காது.

2. தலைப்புகளுக்கு ‘ஹெடிங்’ ஸ்டைல் இடுகிறேன். அதைக் கொண்டு உருவாக்கும் பொருளடக்கம் திரையில் தொட்டதும் உரிய பகுதிக்குச் செல்லும். தாளில் பக்க எண்ணைக் காட்டும்.

3. அடர் கந்தக அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இவ்வெச்சரிக்கை சிவப்பு நிறத்தில் மட்டும் இருந்தால், கறுப்பு வெள்ளை நகலில் மற்ற வரிகளோடு கலந்துவிடும். எனவே கட்டமிட்டு, ‘எச்சரிக்கை’ என்றே தலைப்பிடுகிறேன்.

4. காணொலி இணைப்பைத் தாளில் தொட முடியாது. அருகில் க்யூஆர் கோடு சேர்க்கிறேன்.

5. ஏ4 அளவில் (210 × 297 மி.மீ.) பி.டி.எஃப். ஆகச் சேமிக்கிறேன், பக்க அமைப்பு மாறாது.

இறுதியாக, கைப்பேசியில் திறந்தும் ஒரு நகல் எடுத்தும் பார்க்கிறேன். இரண்டிலும் எச்சரிக்கை முதலில் கண்ணில் பட்ட பின்பே மாணவர்களுக்கு வழங்குகிறேன். ஆசிரியர்கள் தத்தம் பாடத்திற்கேற்ப முயன்று பார்க்கலாம்.