நுரையீரலைப் பார்த்தார்கள், இதயத்தைப் பார்த்தார்களா?

2004 டிசம்பர் 26 என்றால் நமக்கு சுனாமிதான் நினைவுக்கு வரும். அதே நாளில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ரெஜி வைட் இறந்துபோனார். அமெரிக்கக் கால்பந்தில் எதிரணியை நடுங்கவைத்த தடுப்பாட்டக்காரர். வயது 43. சார்க்காய்டோசிஸ் நோயோடு சில ஆண்டுகளாக வாழ்ந்துவந்தார். உயிரைப் பறித்தது தாறுமாறான இதயத் துடிப்பு. நுரையீரலோடு இதயத்திலும் அந்த நோய் பரவியிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

சார்க்காய்டோசிஸில், எதிர்ப்புச் சக்திக்கான அணுக்கள் உடலின் ஏதோ ஓரிடத்தில் கூடிச் சின்னச் சின்ன முடிச்சுகளாகத் திரள்கின்றன. ஏன் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. பெரும்பாலும் நுரையீரலிலும் நெஞ்சுக்குள் இருக்கும் நிணநீர்க் கட்டிகளிலும் வரும். அதனால் நோயாளி போவது நெஞ்சக மருத்துவரிடம். எக்ஸ்ரே, சிடி, மூச்சுத் திறன் பரிசோதனை எல்லாம் நடக்கும். இதயத்தைப் பற்றி யாரும் கேட்காமலேயே பல மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் வேர்விட்ட நம்பிக்கைகள் சிலவற்றைத்தான் இங்கே பார்க்கிறோம்.

“இது நுரையீரல் நோய். இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.”

சம்பந்தம் உண்டு. சார்க்காய்டோசிஸ் உள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு இதயத் தொந்தரவு வெளிப்படையாகவே தெரியும். வெளியே தெரியாமல் இருப்பது அதைவிடப் பல மடங்கு. 1978-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோயோடு இறந்த 84 பேரின் உடல்களைப் பரிசோதித்தார்கள். 27 சதவீதத்தினரின் இதயத் தசையில் முடிச்சுகள் இருந்தன. ஜப்பானில் இந்த நோயால் இறப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதயப் பாதிப்புதான் காரணம். நுரையீரலில் நோய் லேசாக இருப்பதால் இதயமும் தப்பித்திருக்கும் என்று கணக்குப் போடவும் முடியாது.

“ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, எக்கோவும் நார்மல். இனிமேல் என்ன பயம்?”

நம் ஊரில் இதயம் என்றாலே அடைப்புதான். நெஞ்சு வலிக்கிறதா, இடது கை இழுக்கிறதா என்று கேட்போம்; ஆஞ்சியோவில் ஒன்றுமில்லை என்றால் நிம்மதியாக வீட்டுக்குப் போவோம். ஆனால் சார்க்காய்டோசிஸ் ரத்தக் குழாயை அடைப்பது அபூர்வம். அது உட்காருவது தசைக்குள், அதுவும் துடிப்புக்கான மின்சாரம் ஓடும் பாதையில். ஆஞ்சியோவை மட்டும் வைத்து இந்த இதயம் நன்றாக இருக்கிறது என்பது, வீட்டில் தண்ணீர்க் குழாயைச் சோதித்துவிட்டு வயரிங் சரியாக இருக்கிறது என்று சொல்வதுபோல.

எக்கோவுக்கும் எல்லை இருக்கிறது. இதயம் எவ்வளவு பலமாகச் சுருங்கி விரிகிறது என்று அது நன்றாகக் காட்டும். தசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் சிறு திட்டுகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். பம்ப் செய்யும் திறன் அறுபது சதவீதம் என்று ரிப்போர்ட்டில் இருக்கும். ஆபத்தான துடிப்புக் கோளாறைக் கிளப்பக்கூடிய தழும்பும் அதே இதயத்தில் இருக்கும்.

எனவே நெஞ்சு வலியைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியவை வேறு. காரணமில்லாமல் படபடப்பு வருகிறதா? கண் இருட்டி விழப்போவதுபோல் ஆனதுண்டா? நினைவு தப்பி விழுந்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு நம் வீடுகளில் ஆயத்தமாக ஒரு பதில் இருக்கிறது: “சாப்பிடாம இருந்தா, அதான் மயக்கம்.” சார்க்காய்டோசிஸ் உள்ளவருக்கு அந்தப் பதில் போதவே போதாது. இசிஜி எடுத்துப் பார்க்காமல் பித்தம் என்றோ வெயில் என்றோ ஒதுக்கக் கூடாது.

“அப்படியானால் எல்லோரும் உடனே எம்ஆர்ஐ எடுத்துவிட வேண்டும்.”

இது பயத்தின் மறுபக்கம். அறிகுறியே இல்லாதவருக்கு, நோய் கண்டுபிடித்ததும் ஒரு இசிஜி எடுத்து வைக்கச் சொல்கிறது அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல். எக்கோவையும் 24 மணி நேர ஹோல்டர் துடிப்புப் பதிவையும் எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யச் சொல்லவில்லை. ஆளைப் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. இதயத் துடிப்பு நிபுணர்களின் 2014 அறிக்கை இன்னும் கொஞ்சம் தாராளம்: மேலே சொன்ன கேள்விகள், இசிஜி, கூடவே எக்கோ. தன் பரிந்துரைகளுக்கான ஆதாரம் வலுவானதல்ல என்று 2020 வழிகாட்டுதலே ஒப்புக்கொள்கிறது. என்னைக் கேட்டால், எக்கோ எளிதில் கிடைக்கும் ஊரில் அதையும் ஒருமுறை எடுத்து வைப்பது நல்லது. கேள்விகளையும் இசிஜியையும் மட்டும் எந்த ஊரிலும் விடக் கூடாது.

இவற்றில் ஏதாவது சந்தேகம் எழுந்தால்தான் அடுத்த படி இதய எம்ஆர்ஐ. அது கிடைக்காவிட்டாலோ, பதில் தெளிவாக இல்லாவிட்டாலோ பெட் ஸ்கேன். ரத்தத்தில் ஏஸ் (ACE) என்ற நொதியின் அளவு சரியாக இருக்கிறதே என்று இந்தப் படியைத் தாண்டிவிட வேண்டாம். இதயம் தப்பித்ததா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

“பெட் ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போனால் போதும்.”

செலவு செய்து எடுக்கும் ஸ்கேன் வீணாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இந்த ஸ்கேனில் ஊசி வழியாகச் செலுத்துவது சர்க்கரை போன்ற ஒரு பொருள். அழற்சி உள்ள இடம் அதை இழுத்துக்கொண்டு ஒளிரும். சிக்கல் என்னவென்றால், நல்ல இதயத் தசையும் சர்க்கரை கிடைத்தால் சாப்பிடும். அந்தத் தசையைக் கொழுப்புக்கு மாற்றினால்தான் நோயுள்ள இடம் மட்டும் தனியாகத் தெரியும். அதற்காகவே முந்தின நாள் குறைந்தது இரண்டு வேளை, மாவுச்சத்து அறவே இல்லாமல், கொழுப்பு நிறைந்த உணவு. பிறகு மையம் சொல்லும் நேரம் வரை பட்டினி.

அந்த நாளில் இட்லி, சோறு, சப்பாத்தி, பருப்பு, பழம், பால் எதுவும் கிடையாது. எண்ணெயிலோ வெண்ணெயிலோ பொரித்த முட்டை, மீன், கோழி என்று சாப்பிடச் சொல்வார்கள். அசைவம் சாப்பிடாதவர்கள் தங்களுக்கான பட்டியலைச் சில நாள் முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் மாத்திரை, இன்சுலின் அளவையும். காலையில் அரை டம்ளர் சர்க்கரை போட்ட காபி, தொண்டைக்கு ஒரு மிட்டாய், ஒரு மூடி இருமல் சிரப் எல்லாம் கணக்கில் வரும். இதயம் முழுக்க ஒளிர்ந்தால் நோய் எது, காலைக் காபி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தவறிச் சாப்பிட்டுவிட்டால் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், தேதியைத் தள்ளிவைப்பார்கள்.

“இதய பயாப்சியில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது.”

திட்டுத்திட்டாக இருக்கும் நோயில் பயாப்சிக் கருவி நல்ல இடத்தைக் கிள்ளிவிட்டால் அப்படித்தான் வரும். குறி பார்க்காமல் எடுக்கும் இதய பயாப்சி நோயைப் பிடிப்பது நான்கில் ஒரு பங்குதான். சந்தேகம் பலமாக இருந்தால் தேடலை அங்கே நிறுத்தக் கூடாது.

“பேஸ்மேக்கர் வைத்தாயிற்று, பிரச்சினை முடிந்தது.”

இந்த நம்பிக்கை சார்க்காய்டோசிஸ் இருப்பதே தெரியாதவர்களையும் பாதிக்கிறது. பின்லாந்தில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, 55 வயதுக்குள் காரணம் தெரியாமல் இதய மின்தடை (ஹார்ட் பிளாக்) வந்து பேஸ்மேக்கர் வைத்துக்கொண்ட 72 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் 14 பேருக்கு இதய சார்க்காய்டோசிஸ். 4 பேருக்கு இதயத் தசையின் இன்னொரு கடுமையான அழற்சி. பேஸ்மேக்கர் நின்றுபோகும் துடிப்பைத் தூக்கிவிடும். அழற்சியை அது தணிக்காது, வெறிபிடித்தாற்போல் ஓடும் துடிப்பையும் நிறுத்தாது. அதற்கு ஸ்டீராய்டு முதலான மருந்துகளும், சிலருக்கு அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைத் திருத்தும் ஐசிடி கருவியும் தேவைப்படும். நிலைமை இடம் கொடுத்தால் கருவி வைப்பதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடுவது நல்லது. வைத்த பிறகு படம் கலங்கலாகிவிடும்.

நம் நாட்டில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது: காசநோய். எக்ஸ்ரேயிலும் பயாப்சியிலும் அது சார்க்காய்டோசிஸைப் போலவே தோன்றி ஏமாற்றும். அபூர்வமாக இதயத் தசையிலும் உட்காரும். சார்க்காய்டோசிஸை டிபி என்று எண்ணி மாதக்கணக்கில் டிபி மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. டிபியைச் சார்க்காய்டோசிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் அந்தக் கிருமி பரவ வழி திறந்துவிடும். ஆகவே இதயத்தில் சந்தேகம் என்றதும் ஸ்டீராய்டை அவசரமாகக் கேட்டு வாங்காதீர்கள். டிபி இல்லை என்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

“முதலில் எடுத்த இசிஜி நன்றாகத்தானே இருந்தது?”

அது அன்றைய நிலவரம். நோய் தூங்கும், பிறகு விழிக்கும். அந்த முதல் இசிஜியைத் தூக்கிப் போடாமல் ஃபைலில் வையுங்கள். அடுத்த முறை மாறுதலைக் கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்ப்பது அதோடுதான். ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் படபடப்பு, கண் இருட்டல், மயக்கம் மூன்றையும், மருத்துவர் கேட்காவிட்டாலும், நீங்களாகச் சொல்லிவிடுங்கள். நினைவு தப்பி விழுந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், எனக்குச் சார்க்காய்டோசிஸ் இருக்கிறது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.