எரிவாயுக் கிடங்குக்கு அனுமதி எடுக்கும் வேலை

குளிர்காலத்தில் ரொறன்ரோ வீடுகளைச் சூடாக்கும் காஸில் ஒரு பங்கு, கோடையில் சார்னியாப் பக்கம் நிலத்தடியில் நிரப்பி வைத்தது. லாம்ப்டன் கவுண்டியில், டோன் சுற்றுவட்டாரத்தில், காஸ் எடுத்து வெறுமையான பழம்பாறைப் படிவங்களே கிடங்குகள். புதிதாக ஒன்றைத் திறக்கவும் அனுமதி வேண்டும். இருப்பதில் அழுத்தத்தைக் கூட்டவும் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பக் கோப்பைத் தயாரிப்பது ஒரு முழுநேரத் தொழில். பொறியியல், நிலவியல், சட்டம், சுற்றாடல் படித்த நம்மவர்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

முடிவெடுப்பது யங் வீதியில் இயங்கும் ஒன்ராறியோ எரிசக்திச் சபை. 1998ஆம் ஆண்டு எரிசக்திச் சபைச் சட்டத்தின் 36.1ஆம் பிரிவில் நிலப்பகுதியைச் சேமிப்பிடமாகக் குறிப்பார்கள். 38ஆம் பிரிவில் காஸை உட்செலுத்தி வைக்க அனுமதிப்பார்கள். உள்ளே கிணறு தோண்ட உரிமம் கேட்டால், 40ஆம் பிரிவின்படி அந்த விண்ணப்பமும் சபையிடம் அறிக்கைக்கு வரும். குழாய்ப்பாதைக்குத் தனிப் பிரிவு, 90. காணிக்காரருக்கு நியாயமான இழப்பீடு கொடுக்கவேண்டும் என்பதும் 38இலேயே உண்டு. இணக்கம் வராவிட்டால் தொகையைச் சபை தீர்மானிக்கும். பூர்வகுடிகளோடு கலந்தாலோசிப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஹைடா பூர்வகுடியினரின் வழக்கில் சொன்னது. அந்தப் பேச்சு கடைசி நேரத்துக்குத் தள்ளப்பட்டால் முழுத் திட்டமும் தாமதமாகும்.

ஆளின் திறமை தெரிவது கேள்வி-பதில் கட்டத்தில்தான். விண்ணப்பம் போனதும் சபை அலுவலர்களும் எதிர்த்தரப்புகளும் எழுத்தில் கேள்வி அனுப்புவார்கள். அழுத்தம் கூடினால் மேலே மூடியிருக்கும் பாறை தாங்குமா? அருகே கைவிட்ட கிணறுகளை ஒழுங்காக அடைத்தார்களா? 1858 முதல் எண்ணெய் எடுத்த இடம் லாம்ப்டன். பழைய கிணறுகள் ஏராளம். நிலவியலாளர் சொல்வதைக் காணிக்காரருக்கும் புரியும்படி, ஆதாரத்தோடு, நாலு வரியில் எழுதத் தெரிந்தவரை எந்த நிறுவனமும் விடாது. என் பார்வையில், பட்டத்தைவிட இதுவே பெரிய தகுதி.

பொறியியலாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2023 மே முதல் ஒன்ராறியோவில் உரிமம் பெறக் கனடிய அனுபவம் கட்டாயமில்லை. 48 மாத அனுபவம் வேண்டும். கொழும்பிலோ சென்னையிலோ பெற்றதையும் காட்டலாம்.

சபையின் இணையத்தளத்தில் கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நேர்முகத்துக்குப் போகுமுன் ஒரு சேமிப்பக விண்ணப்பத்தின் கேள்வி-பதில்களை முழுதாக வாசித்துவிட்டுப் போங்கள்.