பழைய ஹெரால்டு கார்

சித்தூர் பக்கம் எங்காவது கொட்டகையில் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடக்கிறதா? 1960களில் சென்னையில் செய்த கார் அது. இதன் சேஸிஸை நீளம் குறைத்துத்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

ஹெரால்டின் பாடி தனித்தனித் துண்டுகள். போல்ட்டைக் கழற்றினால் பிரியும். ஆசைக்குப் பழுது பார்ப்பவருக்கு இது நல்ல வசதி.

முதலில் சேஸிஸைச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்ல இரும்பு. 'பொத்' என்றால் துரு தின்றுவிட்டது. பெயிண்ட் அடித்தால் துரு போகாது.

வேறு எஞ்சின் போடலாமா? அவசரம் வேண்டாம். 50 வயது தாண்டிய கார்களுக்கு 2021இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. சேஸிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறியிருக்கக் கூடாது. புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய். அப்படிப் பதிந்த காரில் திருப்பதிக்கு ஆள் ஏற்றிச் சம்பாதிக்க முடியாது.

வாங்கும் முன் சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள்.